நெற்றியில் ஊறும் ஒரு துளி

புருவத்துக்கு மேலே, நெற்றி எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது கிடையாது. பள்ளி வயதில் வளர்ந்து, பதின்பருவம் முடியும்போதுதான் முழுசாகிறது. அதன் சவ்வில் ஊறும் சளித்துளி நேராகக் கீழே வழிவதில்லை. நுண்ரோமங்கள் அதை நடுச்சுவரில் மேலேற்றி, கூரையோரமாக வெளிப்பக்கம் நகர்த்தி, தரை வழியே வாசலுக்குத் திருப்புகின்றன. வாசல்வரை வந்ததிலும் ஒரு பங்கு மறுசுற்றுக்குப் போய்விடும். இந்தச் சுற்றைக் கண்டு சொன்னவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர் வால்டர் மெஸர்க்லிங்கர்.

வாசலிலிருந்து மூக்குக்கு இறங்கும் வழியின் அகலம் சில மில்லிமீட்டர்தான். ஒரு ஜலதோஷத்தில் சவ்வு வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். குனிந்தால் நெற்றி கனக்கும். திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு வந்தவனைப் பார்த்து, ‘தலையில நீர் கோத்துட்டு’ என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். நொச்சியிலை ஆவி, சுக்குப் பத்து. சாதாரணச் சளிக்கு இவை இதம்தான் (கொதிக்கும் பாத்திரம் மட்டும் சிறுபிள்ளைகள் பக்கம் வேண்டவே வேண்டாம்). பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் துளி இறங்கிவிடும்.

இறங்காமல் தேங்கினால் சீழ் பிடிக்கும். நெற்றி எலும்பின் சிரைகளில் வால்வு இல்லை. கிருமி எந்தப் பக்கமும் போகலாம். எலும்பை அரித்து வெளியே வந்தால் நெற்றி மெத்தென்று வீங்கும். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1760இல் விவரித்த வீக்கம் அது. உள்ளே போனால் மூளையுறையிலோ மூளையிலோ சீழ் கட்டும். பதின்வயதுப் பையன்களுக்கே இது அதிகம் வருகிறது. அந்த வீக்கத்தின்மேல் பத்துப் போட்டுவிட்டு ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இமை வீக்கம், இரட்டைப் பார்வை, விடாத தலைவலியோடு வாந்தி, தூக்கக் கலக்கம் என ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் சீழின் இடம் தெரிந்துவிடும். சிரை வழியே ஆன்டிபயாடிக் பல வாரம் ஏறும். மூளைப் பக்கம் சீழ் இருந்தால் நரம்பியல் அறுவை மருத்துவரும் சேர்ந்துகொள்வார். 1884இல் நெற்றியெலும்பைத் துளைத்துச் சீழ் எடுக்கும் முறையை எழுதியவர் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியைச் சீழில் அடையாளம் கண்டவரும் அவர்தான். அவசரத்துக்கு அந்தத் துளை இன்றும் உதவுகிறது. ஆனால் மடையில் மண் அடைத்துக் கிடக்கும்போது வயல் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்து என்ன பயன்? மூக்கு வழியே எண்டோஸ்கோப்பை விட்டு அந்த இறங்குவழியையே அகலப்படுத்தும் முறைகளை ஜெர்மனியின் வொல்ஃப்காங் டிராஃப் 1991இல் மூன்று படிகளாக வகுத்தார். மூன்றாம் படியில் இரு பக்க அறைகளுக்கும் பொதுவாக ஒரே பெரிய வாசல் திறக்கப்படுகிறது.

திறந்த வாசல் தழும்பேறி மறுபடி குறுகக்கூடும். அதனால் வலி போன பிறகும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் எண்டோஸ்கோப்பில் பார்ப்பதும் மாதக்கணக்கில் தொடரும்.