புற்றுநோய் பொதுவாக எத்தனை பேருக்கு வருகிறது?

"எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு கேன்சர் நோயாளி" என்ற பேச்சைப் பல ஊர்களிலும் கேட்கிறோம். இது வழக்கத்தைவிட அதிகமா எனச் சொல்ல, வழக்கமான அளவு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் புற்றுநோய்ப் பதிவுத் திட்ட மதிப்பீட்டின்படி, 2022இல் நாட்டில் புதிய நோயாளிகள் சுமார் 14.6 லட்சம். அதாவது லட்சம் பேருக்கு ஏறக்குறைய 100 பேர். இக்கணக்கில், 40,000 பேர் வாழும் சாதாரண ஊரிலேயே ஆண்டுக்கு 40 பேருக்குப் புதிதாக நோய் தெரியவரலாம். பத்தாண்டில் 400 பேர்! வாழ்நாள் கணக்கில், இந்தியரில் ஒன்பது பேருக்கு ஒருவர்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஊர்களை ஒப்பிட முடியாது. புற்றுநோய் பெரும்பாலும் வயது ஏற ஏற வருவது. இளைஞர்கள் வெளிநாட்டில் இருக்க, முதியோர் மட்டும் தங்கியுள்ள நம்மூர்களில் விகிதம் கூடுதலாகவே தெரியும். எனவே வயதுக்கேற்பச் சரிசெய்தே ஒப்பிடுகிறார்கள். அப்படிச் செய்தும் வேறுபாடு மறைவதில்லை: 2012–16 பதிவுகளின்படி, ஆண்களிடையே மிசோரமின் ஐஸ்வாலில் லட்சத்துக்கு சுமார் 269, மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்), பீட் பகுதியில் சுமார் 40 என இருந்தது. ஐஸ்வாலில் புகையிலைப் பழக்கம் மிக அதிகம்.

ஆகவே ஊர்க் கணக்கு எடுப்போர் பெயர்ப் பட்டியலோடு நிறுத்தாமல் வயது, எந்த உறுப்பு, நோய் கண்டறிந்த ஆண்டு, ஊரில் வசித்த காலம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். ஒரே வகைப் புற்றுநோய் குவிந்திருந்தாலோ, இளவயதினரிடம் மிகுந்திருந்தாலோ, அதுதான் விசாரணை கோர வலுவான ஆதாரம்.