தையலில்லாக் குல்லாய்

ஹோர்ட்டன் சமவெளியை அடுத்த டயகமத் தோட்டங்களில் தை, மாசி மாதத்து விடியற்குளிர் எலும்பைத் துளைப்பது. அக்காலத்தில் பெரட்டுக் களத்துக்குப் போகும் ஆடவர் தலையிலும், லயத்து வாசலில் வெயில் காயும் முதியவர் தலையிலும், பள்ளிப் பிள்ளைகள் தலையிலும் கம்பளிக் குல்லாயைக் காணலாம். கையாற் பின்னிய குல்லாய் ஒன்று கிடைத்தால் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வட்டமாகப் பின்னியதாயின் அதில் தையலே இராது.

நேராகப் பின்னுவோர் ஒவ்வொரு வரி முடிவிலும் துணியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். பின்னர் ஓரங்களை இணைத்துத் தைக்கவும் வேண்டும். வட்டப் பின்னலில் இவ்விரு தொல்லையும் இல்லை. கண்ணிகளை மூன்று நான்கு ஊசிகளிற் பகிர்ந்து, எஞ்சிய ஓர் ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னுவர். முதற்சுற்றை இணைக்கையில் கண்ணிகள் முறுக்கிக்கொள்ளலாகாது. முறுக்கிக்கொண்டால் முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். உச்சியை நெருங்கியதும் கண்ணிகளை எட்டுப் பங்காக்கி, ஒன்றுவிட்ட சுற்றுதோறும் பங்குக்கு இரு கண்ணிகளை ஒன்றாகச் சேர்ப்பர். கடைசியில் எஞ்சும் எட்டுக் கண்ணிகளினூடே நூலைக் கோத்து இறுக்க, குல்லாய் மூடிக்கொள்ளும்.

இக்கலை பழையது. 1400ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய ஓவியர் பெர்ட்ராமின் பட்டறையில் உருவான பலிபீட ஓவியமொன்றில், மரியன்னை நான்கு ஊசிகளைக் கொண்டு குழந்தை இயேசுவின் அங்கியைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். வேல்ஸ் நாட்டு மொன்மத் நகரின் பெயர்பெற்ற குல்லாயை மாலுமிகளும் போர்வீரரும் அணிந்தனர். அதனை வட்டமாகப் பின்னியபின் நனைத்து, மிதித்து, இறுகச் செய்வர். இங்கிலாந்தில் 1571இல் ஒரு சட்டமே பிறந்தது: உயர்குடியினர் முதலிய சிலர் நீங்கலாக, ஆறு வயது கடந்தோர் ஞாயிறுதோறும் உள்நாட்டுக் கம்பளிக் குல்லாய் அணியவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் தண்டம். குல்லாய்த் தொழிலைக் காப்பதே நோக்கம். குளிரும் காதுகளைப் பற்றி யார் கவலைப்பட்டார்? 1597இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அந்நாட்டவரே பின்னாளில் இலங்கை மலைகளில் காப்பியும், 1867 முதல் தேயிலையும் பயிரிட்டனர். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து வெப்ப நிலங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கு இம்மலைக் குளிர் புதிது. தோட்டத்தில் அவர்களுக்குக் கம்பளி கிடைத்தது. ஆனால் இலவசமாக அன்று. அரிசியின் விலையைப் போலவே கம்பளியின் விலையும் கணக்கில் ஏறி, கூலியிற் கழிந்தது. கடனைக் காட்டும் துண்டுச் சீட்டோடு ஆளைத் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றிய முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, உடல் போர்த்த கம்பளியும் அக்கடனில் ஒரு பங்காகவே இருந்தது.

குல்லாய் அணிந்தோரை முதலிற் சொன்னபோது கொழுந்தெடுக்கும் பெண்களைச் சொல்லாது விட்டேன். மறதியன்று. முதுகிலே தொங்கும் கூடையின் கயிறு அவர்கள் தலைமீதே தாங்கி நிற்கிறது; அதன்கீழ் மடித்த துணியோ பழங்கம்பளியோ வைத்துக்கொள்வர். எட்டுப் பங்கும் வந்து குவியும் குல்லாயின் உச்சியருகே பாரம் அழுத்தினால் கண்ணிகள் இழுபட்டு நைந்துபோகும். ஆதலின் மழையிலும் பனியிலும் மலையேறும் அப்பெண்ணுக்கு, மாலையில் கொழுந்து நிறுத்துக் கூடை இறங்கிய பிறகே குல்லாய்.