திண்டுக்கல் தோல் தொழிலும் லாங்கர்ஹான்ஸ் செல்லும்

திண்டுக்கல் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆவாரம்பட்டையால் பதனிடுவது தமிழகத்தின் பழைய முறை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் முயற்சியால் சென்னை மாகாணத்தில் குரோமிய முறை அறிமுகமாயிற்று. குரோமியத்தால் தொழிலாளர் கைகளில் தோன்றும் தோலழற்சியை வெறும் எரிச்சல் என்று ஒதுக்குவது பிழை. அது ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

1868இல் பால் லாங்கர்ஹான்ஸ் மேல்தோலில் கண்ட கிளைத்த செல்களை நரம்புச் செல்கள் என்றே கருதினார். நூறாண்டுக்குப் பின், 1970களில்தான் தொடு ஒவ்வாமையில் அவற்றின் பங்கு புலப்பட்டது: ஒவ்வாப் பொருளை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுசென்று டி செல்களுக்கு அறிமுகப்படுத்துகின்றன. அவை இவ்வினையை அடக்கவும் கூடும் என்று 2005இல் ஓர் எலி ஆய்வு காட்டியது, விவாதம் முடியவில்லை. டி செல்களின் நினைவோ நெடிது நிற்பது. எனவே, குரோமிய ஒவ்வாமை கொண்டவர் பதனிடும் வேலையை விட்டுக் கட்டட வேலைக்குச் சென்றாலும் நோய் தொடரலாம். சிமெண்டிலும் குரோமேட் உண்டு.