ஒத்தச் சட்டியில் கிழங்கும் இறைச்சியும்: அரிசி கிடைக்காத ஊரின் கதை

இந்த வாரம் ஒரு சாப்பாட்டுக் கதை.

‘ஒன் பேன் ஸ்டேக் டின்னர்’ வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு கனமான இரும்புத் தவா, கொஞ்சம் வெண்ணெய், தடிமனா ஒரு இறைச்சித் துண்டு, ஓரத்துல நாலு உருளைக்கிழங்கு. இருபது நிமிஷத்துல குடும்பத்துக்கே ராத்திரிச் சாப்பாடு ரெடி, கழுவுறதுக்கும் ஒரே பாத்திரம்தான். ஆபீஸ் நண்பர் ஒருத்தர் அதைக் காட்டி, “கன்னியாகுமரி பக்கம் நீங்க பீஃப் நல்லா சாப்பிடுவீங்களே, இந்த மாதிரி ஏதாவது உண்டா?”ன்னு கேட்டார்.

உண்டு. ஒரே சட்டி, இறைச்சி, கிழங்கு, எல்லாம் உண்டு. அந்த இருபது நிமிஷம் மட்டும் கிடையாது. கிழங்கும் உருளை இல்லை, மரச்சீனி. சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு, மற்ற ஊர்களில் மரவள்ளின்னு சொல்றாங்களே, அதேதான். எங்க ஊர்ல வெறும் ‘கிழங்கு’ன்னு சொன்னாலே அதுதான்.

முதல்ல அந்த இருபது நிமிஷத்தை முடிச்சிருவோம். ஸ்டேக் என்பது இளம் மாட்டின் கறி. வேலை செய்யாம, தின்னு வளர்ந்த மாடு; தசை மிருதுவா இருக்கும், சூடான தவாவில் ரெண்டு பக்கமும் சுட்டால் போதும். நம்ம ஊரில் கசாப்புக்கு வந்தது உழுது, வண்டி இழுத்து, கறந்து ஓய்ந்த மாடு. தமிழ்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1958-இல் வந்தபோது அதையே விதியாகவும் எழுதிவிட்டார்கள்: பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாத மாடுன்னு சான்றிதழ் வேணும். பத்து வருஷம் ஏர் இழுத்த தசையில் கொலாஜன் என்கிற இணைப்புப் புரதம் இறுகிக் கிடக்கும். அதைத் தவாவில் சுட்டால் செருப்புத் தோல். தண்ணீரோடு மணிக்கணக்கில் மெல்லக் கொதித்தால்தான் கொலாஜன் கரைந்து பசையாகும். ஸ்டேக் எங்க ஊரில் பிறக்காததுக்கு ரசனை காரணம் இல்லை, மாட்டின் வயசுதான் காரணம்.

இப்போ கிழங்குக்கு வருவோம். உண்மையான கதை அங்கேதான் இருக்கு.

கன்னியாகுமரி மாவட்டம் முழுசையும் ‘நாஞ்சில் நாடு’ன்னு வெளியூர்க்காரங்க சொல்றாங்க. சரியா சொன்னா தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள்தான் பழைய நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றாலே கலப்பை. குளம், கால்வாய், வயல், நெல். திருவிதாங்கூர் அரசுக்கு அதுதான் நெற்களஞ்சியம். 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை கோதையாற்றுத் தண்ணியைத் தேக்கி அந்த வயல்களுக்குக் கொடுத்தது. மேற்கே கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களுக்குப் போனால் நிலமே வேற. மேடும் பள்ளமும், சிவந்த செம்மண், பனை, தென்னை, பலா. நெல் உண்டு, ஆனா பள்ளத்தில் மட்டும். ஒரே மாவட்டத்துக்குள், பஸ்ஸில் ஒரு மணி நேர தூரத்தில், சோறு தின்கிற ஊரும் கிழங்கு தின்கிற ஊரும் இருந்தன. எங்க குடும்பம் ரெண்டாவது பக்கம்.

மரச்சீனி நம்ம ஊர்ச் செடி இல்லை. தென் அமெரிக்காவில், அமேசான் காட்டை ஒட்டிய பகுதியில் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பயிர் செய்யப்பட்டது. போர்த்துகீசியர் கப்பலில் ஆப்பிரிக்காவுக்குப் போய், பிறகு மலபார்க் கரைக்கு வந்தது. வந்து ரொம்பக் காலம் அது தோட்டத்து ஓரச் செடியாத்தான் இருந்தது. அதை ஜனங்களின் சாப்பாடாக்கப் பாடுபட்டவர் என்று திருவிதாங்கூரில் எல்லோரும் சொல்கிற பெயர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராம வர்மா. ஆட்சி அஞ்சே வருஷம்தான். அவர் பட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன்தான், 1876–78-இல், பக்கத்து சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கான உயிர்களை இழந்திருந்தது. மழை பொய்த்தாலும் மண்ணுக்குள் காத்திருக்கிற ஒரு உணவைப் பற்றி ஒரு ராஜா யோசிக்க அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

கிழங்கில் விஷம் உண்டுன்னு ஜனங்க பயந்தாங்களாம். ராஜா அரண்மனையிலேயே அவிக்கச் சொல்லி, தானும் சாப்பிட்டுக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. தோட்டத்துக்குக் காவல் போட்டு, ‘திருடினால் தண்டனை’ன்னு பலகை வைத்து, ஜனங்களைத் திருட வைத்தார் என்று இன்னொரு கதை. இந்த ரெண்டாவது கதையை நான் நம்ப மாட்டேன். பிரான்சில் உருளைக்கிழங்கைப் பரப்பிய பார்மென்டியரைப் பற்றியும் அச்சு அசலா இதே கதையைச் சொல்றாங்க. நல்ல கதை கிழங்கைவிட வேகமா கடல் தாண்டும்.

ஆனா அந்த விஷ பயம் கட்டுக்கதை இல்லை. மரச்சீனியில் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கு. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு ஆகும். ஆமா, அதே சயனைடு. அது வெறும் 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், தண்ணியிலும் கரையும். அதனால் தோல் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணியில், மூடி போடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணியைக் கீழே ஊத்தணும். எங்க ஊரில் தண்ணிக்கு ‘வெள்ளம்’னுதான் பேர். அடுப்படிக்குள் யார் கிழங்கு அவிச்சாலும் பாட்டி முற்றத்தில் இருந்தபடியே கேட்பார்: “மக்ளே, வெள்ளம் ஊத்தியா?” வேதியியல் படிக்காத ஒரு தலைமுறை தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த பாதுகாப்பு விதி அந்தக் கேள்வி.

கிழங்கு ஒரு ஏழைக் குடும்பத்துக்கு எதுக்கு உதவியது என்பதை நான் ரொம்ப நாள் ‘மலிவு’ என்ற ஒரே வார்த்தையில்தான் கேட்டிருக்கேன். விஷயம் அதைவிடப் பெரிசு. நெல்லில், தின்கிற மணியே விதை. பஞ்சத்தில் விதைநெல்லையும் குத்திச் சாப்பிட்ட குடும்பத்துக்கு அடுத்த போகமே கிடையாது. மரச்சீனியில் தின்பது வேர், நடுவது தண்டு. கிழங்கைப் பிடுங்கித் தின்றுவிட்டு, கம்பை ஒரு சாண் நீளத்துக்கு முறித்து நட்டால் மறுபடியும் வரும். பசி எவ்வளவு இருந்தாலும் யாரும் விதையைத் தின்றுவிட முடியாது. எட்டு, பத்து மாசத்தில் விளையும். விளைந்ததை உடனே பிடுங்கணும்னு இல்லை, மண்ணுக்குள்ளேயே விட்டு, வேண்டும்போது ஒரு மூடு பிடுங்கலாம். வெளியே எடுத்தால்தான் ரெண்டு மூணு நாளில் கருத்துப்போகும். மொத்தமா பிடுங்கினவர்கள் அரிந்து, அரைவேக்காடா அவித்து, பாறையில் காயப்போட்டு மழைக்காலத்துக்கு வைப்பார்கள்.

அடுத்து வந்ததுதான் பெரிய திருப்பம். திருவிதாங்கூர் தென்னை, மிளகு, தேயிலை, ரப்பர்னு பணப்பயிருக்குத் திரும்பியிருந்தது. தேவையான அரிசியில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல் நின்றது. அப்போ திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். விளைந்த நெல்லை அரசு கொள்முதல் செய்ய, கடைகளில் ரேஷன் வந்தது. நாஞ்சில் நாட்டு நெல் மட்டும் ஒரு முழு நாட்டுக்கு எப்படிப் போதும்? கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் வடக்கே திருவிதாங்கூர் முழுக்கவும் அடுப்பில் ஏறியது மரச்சீனிதான். அரை நூற்றாண்டுக்கு மேலா ஏழைகளின் மாற்றுச் சாப்பாடா இருந்தது அந்த சில வருஷங்களில் மூணு வேளைச் சாப்பாடாச்சு. எங்க தொழிலில் இதை நல்லாப் புரிஞ்சுக்குவாங்க: அவசரத்துக்குப் போட்ட ஃபிக்ஸ்தான் பத்து வருஷம் ப்ரொடக்‌ஷனில் ஓடும்.

ஆச்சரியம் என்னன்னா, கடலுக்கு அந்தப் பக்கமும் இதே நடந்தது. ஜப்பான் பிடித்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரிசி இல்லாமல் தோட்டத் தமிழர்கள் 1942-லிருந்து 1945 வரை மரவள்ளி தின்றே உயிர் பிழைத்தார்கள். ‘ஜப்பான்காரன் காலம்’ என்றாலே அங்கே பெரியவர்கள் அந்தக் கிழங்கைத்தான் சொல்வார்கள். மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோன 1943-இல்தான் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்கிற தொழில் தொடங்கியது. சேலத்துக்காரர்கள் அந்தப் போரிலிருந்து ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஒரு சாப்பாடு மிஞ்சியது.

அந்தச் சாப்பாட்டோடு ஒரு வெட்கமும் வந்தது. இதைப் பேசாமல் விடக்கூடாது. எங்க பாட்டி பள்ளிக்குப் போகும்போது சோற்றுப் பாத்திரத்தை மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துத்தான் சாப்பிட்டாராம். உள்ளே கிழங்கு. பக்கத்தில் இருந்த பிள்ளை பாத்திரத்தில் சோறு. கல்யாணப் பேச்சுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அடுப்பில் இருக்கும் கிழங்குச் சட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் வைப்பார்கள். கடன் வாங்கியாவது அரிசி வாங்கணும். ‘அந்த வீட்டில் தினமும் சோறு’ என்பது ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய செய்தியாக இருந்த காலம் அது. இன்னைக்கும் எங்க அம்மா வெளியூர் விருந்தாளிக்குக் கிழங்கு வைக்கச் சம்மதிக்க மாட்டாங்க. “அவ்வோ என்ன நினைப்பாவ?” என்பாங்க. அதே கிழங்கை வாழையிலை போட்டு, மேலே ரெண்டு கறிவேப்பிலை வைத்து நகரத்து ரெஸ்டாரண்டில் கொண்டுவந்து வைக்கும்போது எனக்குக் கோபமெல்லாம் வராது. ஆனா மெனுவில் ‘பாரம்பரிய உணவு’ன்னு பார்க்கும்போது பாட்டியின் அந்தப் பாதி மூடிதான் ஞாபகம் வரும்.

சரி, கிழங்கோடு இறைச்சி எதுக்கு? ருசிக்குன்னு சொல்லிட்டுப் போகலாம். இன்னொரு காரணம் உண்டு. பச்சைக் கிழங்கில் புரதம் நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது. அரிசியில் ஏழு கிராம் அளவில் இருக்கும். கிழங்கை மட்டுமே தின்றால் வயிறு நிறையும், உடம்பு மெலியும். அதோடு, மிச்சம் மீதி இருக்கிற சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்ற கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேணும். அவை மீனிலும் இறைச்சியிலும் நிறைய. ஆப்பிரிக்காவில் வறட்சிக் காலங்களில், கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல், கூடப் புரதமும் இல்லாமல் தின்ற ஊர்களில் கோன்சோ என்ற நோய் வந்து கால்கள் முடங்கியிருக்கு. எங்க பக்கம் கடல் பக்கத்திலேயே இருந்தது. சாளை மீன் மலிவு. தலைச்சுமையாகக் கொண்டு வரும் மீன்காரியிடம் காசு இல்லாவிட்டால் கிழங்கைக் கொடுத்து மீன் வாங்கியதாகப் பாட்டி சொல்வார். தினமும் கிழங்கும் மீனும், ஞாயிற்றுக்கிழமையோ பெருநாளோ வந்தால் கிழங்கும் இறைச்சியும். அரைக் கிலோ இறைச்சி தனியா வைத்தால் ஆளுக்கு நாலு துண்டுகூட வராது. கிழங்கோடு சேர்த்து ஒரே சட்டியில் மசித்தால் சாறு முழுக்கக் கிழங்கில் இறங்கி, எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு உருண்டையிலும் இறைச்சி வாசம் இருக்கும். அந்த ஒத்தச் சட்டி பாத்திரம் கழுவும் சோம்பலில் வந்தது இல்லை.

1956 நவம்பர் 1-ஆம் தேதி நாலு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கேரளம் தன் நெற்களஞ்சியத்தை இழந்தது. அப்புறம் பல வருஷம் களியக்காவிளைச் சோதனைச் சாவடி வழியா அரிசி கடத்தல் நடந்தது தனி எபிசோடுக்கான விஷயம். 1963-இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அவர்கள் வெளியிட்ட ரகங்களில் ஒன்றுக்கு ‘ஸ்ரீ விசாகம்’னு பேர். அதே ராஜாதான். ரேஷன் அரிசி தாராளமா வந்ததும் எங்க மேட்டு நிலங்களில் கிழங்கு போய் ரப்பர் வந்தது. நாஞ்சில் வயல்களில் பாதி வீட்டு மனையாச்சு. இப்போ மார்த்தாண்டம் சந்தையில் கிழங்கு வாங்குறவங்க பசிக்கு வாங்கலை, ஆசைக்கு வாங்குறாங்க.

நண்பர் செய்முறை கேட்டாரே, சொல்லிடறேன். நாலு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு, அரைக் கிலோ எலும்போடு மாட்டிறைச்சி. கனமான சட்டியில் கிழங்குத் துண்டுகளை நிறையத் தண்ணியில், மூடாமல் வேகவிட்டு, தண்ணியை ஊத்திட்டு, கிழங்கை எடுத்து வையுங்க. அதே சட்டியில் தேங்காய் எண்ணெய், சின்ன உள்ளி, இஞ்சி, பூண்டு, மல்லி, மிளகு, மஞ்சள், உப்பு. இறைச்சியைப் போட்டு ஒன்றரை மணி நேரம் சின்னத் தீயில் வையுங்க. குக்கரில் வெச்சா சீக்கிரம் ஆகும், ஆனா ரெண்டாவது பாத்திரம் கழுவணும், உங்க இஷ்டம். இறைச்சி விரலில் பிய்யும்போது கிழங்கைக் கொட்டி, தேங்காய், சீரகம், காந்தாரி மிளகாயைச் சதைத்துச் சேர்த்து, மரக் கரண்டியால் கிண்டி மசிக்கணும். முழுசா மசிக்காதீங்க, அங்கங்கே கட்டி தட்டுப்படணும்.

ராத்திரி மிச்சம் வைத்தால் காலையில் அதே சட்டியில் லேசா அடிபிடிக்கிற வரை சூடாக்கி, கட்டன் சாயாவோடு சாப்பிடலாம். எங்க வீட்டில் அந்த அடிபிடித்த பாகத்துக்குத்தான் சண்டை. அடுத்த வாரம் களியக்காவிளை அரிசியோடு வர்றேன்.