பரங்கி என்றால் கோபம் வரும்!

கடலூர் மாவட்டத்தில், கம்மாபுரத்துக்குக் கிழக்கே கடற்கரையில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. பரங்கி என்றால் ஐரோப்பியர். இன்று அது வெறும் ஊர்ப்பெயர்தான். ஆனால் 400 ஆண்டுகளுக்கு முன் அது ஒரு வசைச்சொல்! மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், தாழ்ந்தவன் என்றெல்லாம் அதற்குப் பொருள் இருந்தது.

வெள்ளைத்தோல் என்றாலே மரியாதைதான் என்று நினைக்கிறோம். அன்றைய மதுரையில் கதையே வேறு. அங்கே போர்த்துக்கீசியப் பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ் பத்து வருடத்துக்கு மேல் இருந்தும், ஊர் மக்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. 1606-ல் வந்த இத்தாலியர் ராபர்ட் டி நொபிலி (தத்துவ போதகர்) காரணத்தைப் புரிந்துகொண்டார். காவி உடுத்தினார், சைவ உணவுக்கு மாறினார், தனி வீட்டுக்குப் போனார். "நான் பரங்கி அல்ல, ரோமாபுரி உயர்குலத்தான்" என்று அறிவித்தார்.

பெர்னாண்டஸுக்குக் கோபம் வந்தது. கூட இருந்தவரே தன் இனத்தை இழிவாகப் பார்த்தால் வலிக்காதா? 1610-ல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி, நொபிலியின் வழிக்கே அனுமதி தந்தார்.

பிறப்பை வைத்து இகழப்படுவது எப்படி இருக்கும் என்று இருவருக்குமே தெரிந்தது. ஆனால் நொபிலி அந்த ஏணியை உடைக்கவில்லை. அதில் மேல்படியைத் தேடிக்கொண்டார். 1640 முதல் மதுரை மிஷனில் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கென்று 'பண்டாரசாமி' என்ற பெயரில் தனிப் பாதிரிமார்கள் வந்தார்கள்.

தான் பட்ட அவமானம், அடுத்தவன் படும் அவமானத்தை எல்லோருக்கும் உணர்த்திவிடுவதில்லை.