சகோதரி சுப்புலக்ஷ்மியின் தந்தையார்

நம் சமூகத்து ஸ்திரீகளுள் கல்வியினால் பெரும் கீர்த்தி பெற்றவர்களைக் கணக்கிடப் புகுவோர் எவரும் ஸ்ரீமதி ஆர். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மாளின் பெயரை முதலிற் கூறாமலிரார். 1886-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி மயிலாப்பூரிற் பிறந்து, 1911-ல் பிரஸிடென்ஸி காலேஜில் வாசித்துத் தேறி, சென்னை ராஜதானியில் பி.ஏ. பட்டம் பெற்ற முதல் ஹிந்து ஸ்திரீயென விளங்கிய அவ்வம்மையாரின் பெருமையை நாம் அனைவரும் நமதென்று சொல்லிக்கொள்ளுகிறோம். ஆனால் அவரது பெயருக்கு முன் நிற்கும் 'எஸ்' என்னும் எழுத்துக்குரியவரை நினைப்பவர் நம்மிற் சிலரே. அவர் தஞ்சை ஜில்லா ரிஷியூரைப் பூர்வீகமாக உடையவர். சுப்பிரமணிய ஐயர் என்னும் பெயரினர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து காலக்ஷேபம் செய்த ஒரு குடும்பஸ்தர். மேடையேறிப் பேசியவருமல்லர், பத்திரிகை நடத்தியவருமல்லர். ஒரு பெண்ணுக்குத் தகப்பனாராக இருந்தார். அதைத் தவறாமல் இருந்தார்.

அக்காலத்து வழக்கம் நம் பாட்டிமார் வாய்மொழியாக நாம் அறிந்ததே. பெண் ருதுவாகுமுன் கன்யாதானம் செய்துவிட வேண்டுமென்பது கட்டு. 1891-ல் ஸம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திச் சட்டம் வந்தபோது, மதம் அழிந்ததென்று கூக்குரலிட்டவர் பலர். அச்சட்டமுங்கூட விவாகத்தைத் தடுக்கவில்லை. ஆகவே பாடசாலைப் பரீக்ஷைகளில் முதன்மையாகத் தேறிவந்த அச்சிறுமிக்கும் வழக்கப்படியே சுமார் பதினோராம் பிராயத்தில் கல்யாணம் நடந்தது. சுப்பிரமணிய ஐயரும் அவர் பத்தினியார் விசாலாக்ஷி அம்மாளும் அன்று ஊரோடு ஒத்தே நடந்தார்கள். தந்தையாரைப் புகழ எடுத்துக்கொண்டோமென்பதற்காக இதை மறைப்பது முறையன்று. கல்யாணமான சொற்ப காலத்தில் மாப்பிள்ளை காலமானார்.

இனி அப்பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்தது யாது? வயது வந்ததும் வபனம், நார்மடி, ஒருவேளை ஆகாரம், சுபகாரியங்களில் கண்ணிற் படாமை, ஆயுள் முழுவதும் பிறர் வீட்டு அடுக்களை. புருஷனுடைய சொத்தில் அவளுக்குப் பெரும்பாலும் ஜீவனாம்சமே உண்டு. விதவைக்குப் பங்கு கொடுக்கும் சட்டம் 1937-ல் தான் வந்தது. அக்குடும்பத்திலேயே இத்துன்பத்துக்கு முன்னோடி ஒருவரும் இருந்தார். சிறுமியின் சிற்றன்னையார் வாலாம்பாள் அம்மாளும் இளம் பிராயத்திலேயே பதியை இழந்தவர். ஒரே வீட்டில் இரண்டு விதவைகள்.

இவ்விடத்தில் மற்றொரு சுப்பிரமணிய ஐயரையும் சொல்லாமலிருக்கக் கூடவில்லை. 'ஹிந்து' பத்திரிகையை 1878-ல் தோற்றுவித்தவர்களுள் முதல்வரும், 'சுதேசமித்திரனை' 1882-ல் தொடங்கியவரும், 1885-ல் பம்பாயிற் கூடிய முதற் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவருமான திருவையாற்று ஜி. சுப்பிரமணிய ஐயர் தமது மூத்த குமாரத்தி விதவையானபோது, 1889-ல் பம்பாயில் அவளுக்குப் புனர்விவாகம் செய்துவைத்தார். 1856-ம் வருஷத்துச் சட்டம் அதற்கு இடந்தந்திருந்தது, சாதியார் இடந்தரவில்லை. பந்துக்கள் அவரை விலக்கினர். அவர் வீட்டில் கைநனைக்க மறுத்தனர். ராஜ்ய விஷயங்களில் அவர் சொல்லை வேதவாக்காகக் கொண்டவர்களும் வீட்டு வாசலில் ஒதுங்கி நின்றார்கள். 1916-ல் அவர் நோயினால் நலிந்து காலஞ்சென்ற பிறகே, அவரைத் தேசபக்தரென்று கொண்டாட நமக்குத் தைரியம் வந்தது.

ஒரு தந்தை மகளுக்குப் புனர்விவாகம் செய்தார். மற்றொருவர் கல்வி கொடுத்தார். இவற்றுள் எது உயர்ந்ததென்று தர்க்கிப்பவர்கள் உண்டு. முன்னதுக்கு ஒருநாளைத் துணிவு போதுமென்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. அதன் பலனை அவர் ஆயுள்முழுவதும் அனுபவித்தார். ஆயினும் பின்னதில் ஒரு விசேஷமிருக்கிறது. பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, தினந்தோறும் பாடசாலைக்கும், பின் காலேஜுக்கும் அனுப்புவதென்றால், தெருவார் கண்ணெதிரே ஒவ்வொரு காலையிலும் சாதிக்கட்டை மறுபடி மறுபடி மீறுவதாகும். ஒருநாள் மறந்து மன்னிக்க உலகத்துக்கு அவகாசமே கிடையாது.

ரிஷியூர் சுப்பிரமணிய ஐயர் மகளுக்கு வபனம் செய்விக்கவில்லை. முதலில் வீட்டிலேயே இங்கிலீஷ் கற்பித்தார். குடும்பத்தை எழும்பூரில் குடியமர்த்தினார். அக்கம்பக்கமெல்லாம் பந்துக்களாக நிறைந்த மயிலாப்பூர் மாடவீதிகளில் அது நடந்திராதென்பது நம் அபிப்பிராயம். பிறகு பிரஸெண்டேஷன் கன்னிமாடத்தார் நடத்திய பள்ளியிற் சேர்த்தார். கிறிஸ்தவக் கன்னிகைகளிடம் பெண்ணை ஒப்பித்தால் மதம் மாறிவிடுவாளென்ற பயம் அக்காலத்தில் சாமானியமானதன்று. சாதியை விட்டு விலக்குவோமென்ற பேச்சும் எழுந்தது. பெண் மதம் மாறவில்லை. அக்கன்னிகைகளின் வெள்ளாடையையும் சேவையையும் கண்டு, தானும் வெள்ளைப் புடவையுடுத்துத் தன் நிலையிலுள்ள பெண்களுக்கு ஊழியஞ் செய்யும் ஸங்கல்பத்தோடு வெளிவந்தாள். 'சிஸ்டர்' என்று பின்னாளில் ஊரார் அழைத்தது இதனாலேயே.

1911-ல் பட்டம் வந்தது. 1912-ல் எழும்பூரில் தகப்பனார் வீட்டிலேயே நாலைந்துக்கு மேற்படாத இளம் விதவைகளைக் கொண்டு சாரதா இல்லம் ஆரம்பமாயிற்று. பாடசாலைப் பரிசோதகராயிருந்த மிஸ் லிஞ்ச் என்னும் ஐரோப்பிய மாதின் உதவியும் கிடைத்தது. அரசாங்கத்தாருக்கு இதில் ஓர் காரியமுமிருந்தது. பெண் பள்ளிகளுக்கு உபாத்தியாயினிகள் அகப்படவில்லை. ஆண் வாத்தியாரிடம் பெண்களை அனுப்பப் பெற்றோர் இசையவில்லை. கலியாண வீட்டுக்கு ஆகாதவளென்று ஒதுக்கப்பட்டவள் வகுப்பறைக்கு வேண்டியவளானாள். அடுக்களைப் பொறுப்பையும் சிறுமிகளின் ஸம்ரக்ஷணையையும் வாலாம்பாள் அம்மாள் ஏற்றுக்கொண்டார். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சவேண்டிய காலத்தில், சுப்பிரமணிய ஐயர் வீட்டில் ஊரார் பெற்ற குழந்தைகள் வந்து நிறைந்தார்கள். மூத்த பெண்ணின் வயிற்றில் பேரன் பேத்தி காணும் பாக்கியத்தை இழந்தவருக்கு இவர்களே அவ்வழிப் பேத்திமாரென்று சொல்லலாம்.

இல்லம் பிறகு திருவல்லிக்கேணிக்கும், அங்கிருந்து கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்கும் மாறிற்று. 1842-ல் அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டு, 1897-ல் ஸ்வாமி விவேகானந்தர் தங்கியதனால் புனிதமாகி, இப்போது விவேகானந்தர் இல்லமென வழங்குவது அக்கட்டிடமே. அதன் அருகில் 1922-ல் லேடி வில்லிங்டன் போதனாமுறைக் கல்லூரி ஏற்பட்டபோது அம்மையாரே முதல் தலைவியானார்.

இவ்வில்லம் பிராமண விதவைகளுக்கே உரியதாயிருந்ததென்ற குறை அன்றே சொல்லப்பட்டது; அது நியாயமான குறைதான். வைதிகர் வீட்டுப் பெண்களை வெளியே கொணர வேறு வழியில்லையென்று ஸமாதானம் சொல்வதுண்டு. அந்த ஸமாதானம் பிற சாதிகளில் அவதிப்பட்ட விதவைக்கு ஆறுதல் தராது. அம்மையாரும் அங்கேயே நின்றுவிடவில்லை. அவர் நிறுவிய சாரதா வித்யாலயம் ராமகிருஷ்ண மிஷனார் வசமாகித் தியாகராய நகரில் வளர்ந்தது. 1942-ல் வயதுவந்த ஸ்திரீகளுக்கென மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலயம் தொடங்கினார். 1956-ல் மயிலாப்பூர் மாதர் சங்கத்தார் வித்யா மந்திர் பள்ளியை ஏற்படுத்தியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1952 முதல் 1956 வரை சட்ட மேல்சபையில் அங்கத்தினராயிருந்தார். 1958-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நம் கூட்டங்களில் அம்மையாரின் படத்துக்கு மாலையிடுகிறோம். நல்லதே. ஆனால் அவரைப் படிக்கவைத்த தகப்பனாரை விலக்குவதாகப் பயமுறுத்தியவர்கள் அந்நியரல்லர், நம் பாட்டனார்களே. அவர்கள் கெட்டவர்களுமல்லர், தம் பெண்களிடம் வாஞ்சை மிக்கவர்கள். விதவையான குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுதபடியே நாவிதனுக்குச் சொல்லியனுப்பினார்கள். ரிஷியூராருக்கும் அவர்களுக்கும் வாஞ்சையில் வித்தியாசமிருந்ததாகத் தெரியவில்லை. நாவிதனுக்குச் சொல்லியனுப்பாததே வித்தியாசம்.

சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மாள் 1969-ம் வருஷம் டிசம்பர் மாதம் 20-ந் தேதி, வைகுண்ட ஏகாதசி புண்ணிய தினத்தில், தமது எண்பத்துநாலாம் பிராயத்தில் இறைவனடி சேர்ந்தார். அடுத்த முறை அவர் படத்துக்கு மாலை வாங்கும்போது, ரிஷியூர் சுப்பிரமணிய ஐயருக்கென்று ஒரு முழம் பூவும் சேர்த்து வாங்கும்படி நம் சங்கக் காரியதரிசியைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.