ஜவ்வாது மலையும் சமவெளி நியாயஸ்தலங்களின் ஏடுகளும்

ஜவ்வாது மலை இன்று மூன்று மாவட்டங்களுக்குப் பங்காகப் பிரிந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரும்பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தையும், புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்னும் மேற்குப் பகுதி திருப்பத்தூர் மாவட்டத்தையும், பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய ஊர்கள் வேலூர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. ஆயினும் இம்மூன்று பகுதிகளிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஒரே குலமரபினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தேறிய முன்னோரின் வழிவந்தவர்கள் என்று ஒரே ஐதிகத்தைச் சொல்பவர்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பாராமல் நடப்பதால், அண்ணன் நிலம் ஒரு மாவட்டத்திலும் தங்கையின் சீர்நிலம் மற்றொரு மாவட்டத்திலும் இருப்பது இங்கே அதிசயமன்று. நிலத்தைப் பற்றிய வியாஜ்யம் நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே தொடரப்பட வேண்டும் என்பது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் விதி. ஆகவே ஒரே குடும்பத்தின் வழக்கு வெவ்வேறு திசைகளில் மலையிறங்கி வெவ்வேறு ஊர்களின் ஏடுகளில் பதிவாகிறது. இந்த நிலைமை எவ்வாறு படிப்படியாக உருவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நியாயஸ்தலங்கள் ஏற்படுவதற்கு முன் மலையில் நியாயமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டு, நாட்டாரும் ஊர்க்கவுண்டர்களும் கூடி எல்லைத் தகராறு, பாகம், மணமுறிவு, கடன் ஆகியவற்றை விசாரித்துத் தீர்த்தனர். நாடு என்ற பிரிவின் நினைவைப் புதூர்நாடு முதலிய பெயர்களும், ஊர்க்கவுண்டர் என்ற பதவியின் நினைவை ஊர்கவுண்டனூர் என்னும் ஊராட்சியின் பெயரும் இன்றளவும் தாங்கி நிற்கின்றன. அத்தீர்ப்புகள் ஓலையிலோ காகிதத்திலோ ஏறவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களின் நினைவே அவற்றுக்குச் சாசனமாக இருந்தது. பின்னாளில் எழுத்தை மட்டுமே ஆதாரமாகக் கொள்ளும் ஒரு முறை வந்து புகுந்தபோது, தலைமுறை தலைமுறையாக அனுபோகத்தில் இருந்த பாத்தியங்கள் பலவற்றுக்கு ருசு இல்லாமற் போனதன் காரணம் இதுவே.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் பயனாகத் திருப்பத்தூர்ப் பகுதியை உள்ளிட்ட பாராமகால் பிரதேசம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வசமாயிற்று. அதன் பரிபாலனத்தை ஏற்ற அலெக்சாந்தர் ரீட் மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் தங்கியிருந்து நில அளவையையும் வரித்திட்டத்தையும் நடத்தினார். அவருக்கு உதவியாளராக வந்த இளைஞர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1802இல் வங்காளத்தைப் பின்பற்றிச் சென்னை மாகாணத்தில் ஜில்லாக் கோர்ட்டுகள் ஸ்தாபிக்கப்பட்டபோது, அவை ஜனங்களுக்கு எட்டாத தூரத்திலும், செலவு மிகுந்தனவாகவும், தாமதம் நிறைந்தனவாகவும் இருப்பதை அவர் கண்டித்தார். 1814இல் நீதிபரிபாலனச் சீர்திருத்தத்துக்கென நியமிக்கப்பட்ட கமிஷனுக்கு அவரே தலைவராக வந்து, 1816ஆம் ஆண்டின் ரெகுலேஷன்களுக்குக் காரணமானார். அவற்றுள் நான்காவது ரெகுலேஷன் கிராமத் தலைவனையே முன்சீப்பாக்கி, 10 ரூபாய்க்கு உட்பட்ட பிராதுகளை அவனே தீர்க்கவும், கட்சிக்காரர்கள் இசைந்தால் 100 ரூபாய் வரை மத்தியஸ்தம் செய்யவும் அதிகாரம் தந்தது. ஐந்தாவது கிராமப் பஞ்சாயத்துக்கு இடம் தந்தது. ஆறாவது ரெகுலேஷன் 200 ரூபாய் வரையுள்ள தாவாக்களை விசாரிக்க ஜில்லா முன்சீப்புகளை ஏற்படுத்தியது.

மலைக்கு மிக இணக்கமாக வந்திருக்க வேண்டிய ஏற்பாடு இது. பாராமகாலில் குடிகளோடு நெருங்கிப் பழகிய ஒருவரின் அனுபவத்தில் விளைந்த ஏற்பாடு என்பதும் கவனிக்கத்தக்கது. ஆயினும் பஞ்சாயத்து விதிகள் மாகாணமெங்கும் அதிகமாகக் கையாளப்படாமல் தேய்ந்தன. கிராம முன்சீப்போ நாளடைவில் நீதி வழங்குபவராக இருப்பதை விட்டு வரி வசூலிப்பவராகவே நிலைத்து, 1980இல் தமிழக அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தபோது மறைந்தார். முன்சீப் என்ற பட்டம் ஊருக்குள் அத்தனை காலம் வழங்கியும், அந்தப் பட்டத்துக்குரிய நியாயம் ஊருக்குள் வேரூன்றவில்லை.

இங்கே ஓர் ஒப்புமை அவசியமாகிறது. அதே சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த கஞ்சம், விசாகப்பட்டினம் மலைப்பகுதிகளை 1839ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் சாதாரண நியாயஸ்தலங்களின் அதிகாரத்திலிருந்து நீக்கி, கலெக்டரையே ஏஜெண்டாக நியமித்துத் தனி விதிகளின்படி நடத்தியது. 1917இல் வந்த மற்றொரு சட்டம் அந்த ஏஜென்சிப் பிரதேசங்களில் மலைவாசிகளின் நிலம் வெளியார் கைக்குப் போவதைத் தடுக்க முற்பட்டது. ஜவ்வாது மலைக்கு இவ்விரண்டில் ஒன்றும் வாய்க்கவில்லை. நமது அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே ஜவ்வாது மலைவாசி, சட்டத்தின் கண்ணில், பாலாற்றங்கரைப் பண்ணையாருக்குச் சமமான ஒரு கட்சிக்காரர்; அவரைப் போலவே வக்கீலை அமர்த்தி, முத்திரைக் கட்டணம் செலுத்தி, வாய்தாவுக்கு வாய்தா ஆஜராக வேண்டியவர். இந்தச் சமத்துவம் மலைவாசிக்கு அநீதியாகவே முடிந்தது என்பது என் துணிபு.

இதன் விளைவு தெளிவாகப் புலப்பட்டது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் வாயிலாக. ஒரு நிலப்பரப்பைக் காப்புக்காடாக்க அரசு உத்தேசித்தால், வன செட்டில்மெண்டு அதிகாரி தேசபாஷையில் பிரகடனம் வெளியிட்டு, மூன்று மாதத்துக்குக் குறையாத தவணை கொடுத்து, பாத்தியம் கோருவோரை எழுத்து மூலமாகவோ நேரிலோ வரச் சொல்ல வேண்டும். நிலப் பாத்தியம் நிராகரிக்கப்பட்டால் முப்பது நாளுக்குள் ஜில்லாக் கோர்ட்டில் அப்பீல் செய்துகொள்ளலாம். படிக்கும்போது நியாயமாகவே தோன்றும் இவ்விதியை மலைமேல் நின்று பார்க்க வேண்டும். சாமையும் தினையும் விதைத்துக் கொல்லையை மாற்றி மாற்றிப் பயிரிட்டு வந்த ஒரு குடியானவர், எழுத்தறியாதவர், தவணைக்குள் பிரகடனத்தைக் கேள்விப்பட்டு, பாத்தியத்தைச் சொல்லி, அது தள்ளப்பட்டால் முப்பது நாளில் ஜில்லா நியாயாதிபதியின் சந்நிதிக்குப் போக வேண்டும். அக்காலத்தில் மலையின் பெரும்பகுதி அடங்கிய வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைமையிடம் சித்தூர். தமிழ் பேசும் மலைவாசி, தெலுங்கு வழங்கும் ஊருக்கு, ஆங்கிலத்தில் நடக்கும் அப்பீலுக்காக நடந்திருக்க வேண்டும். தவணை கழிந்தால் பாத்தியம் அற்றுப்போகும். பின்பு அவர் தம் பாட்டனின் கொல்லையிலேயே அத்துமீறியவராக எண்ணப்பட்டார்.

ஏடுகள் சிதறிய வரலாறு இதனோடு பிணைந்தது. திருப்பத்தூர்த் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்தது; 1911இல் சித்தூர் தனி ஜில்லாவானபோது அத்தாலுகா வட ஆர்க்காட்டுடன் சேர்க்கப்பட, தலைமையிடம் வேலூருக்கு மாறிற்று. 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. 2019 நவம்பரில் திருப்பத்தூரும் தனியாகப் பிரிந்தது. மாவட்டம் பிரியுந்தோறும் நீதிமன்ற எல்லையும் காலப்போக்கில் பிரிகிறது. ஆனால் முடிந்துபோன வழக்குகளின் கட்டுகள் அந்தந்தக் காலத்துத் தலைமையிடங்களின் அலமாரிகளைச் சார்ந்தவை. புதூர்நாட்டில் ஒரு நிலத்தின் நூறாண்டுக்கு மேற்பட்ட விருத்தாந்தத்தைத் தேடுபவர் சேலம், வேலூர், திருப்பத்தூர் என்ற மூன்று ஊர்களை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். 1917ஆம் ஆண்டின் பதிவேடுகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, காலங்கடந்த காகிதங்கள் பல சட்டபூர்வமாகவே அழிக்கப்பட்டும் விடுகின்றன.

அழியாமல் இருக்கும் ஏட்டின் நகலைப் பெறுவதும் எளிதன்று. கட்சிக்காரராயின் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டி நகல் மனுப் போட வேண்டும். மூன்றாம் நபராயின் காரணத்தை விளக்கிப் பிரமாணப் பத்திரமும் தந்து நீதிபதியின் உத்தரவைப் பெற வேண்டும். கட்டு தேடி எடுக்கப்பட்ட பின், இத்தனை நகல் ஸ்டாம்பு வேண்டும் என்ற அறிவிப்பு கோர்ட்டு விளம்பரப் பலகையில் ஒட்டப்படும். குறித்த நாளுக்குள் ஸ்டாம்பு கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். சான்றிட்ட நகலின் முடிவில் மனுச் செய்த தேதி, ஸ்டாம்பு கேட்கப்பட்ட தேதி, கட்டப்பட்ட தேதி, நகல் தயாரான தேதி, கொடுக்கப்பட்ட தேதி என்று வரிசையாகக் குறித்திருக்கும். அப்பீல் தவணையைக் கணக்கிடுகையில் நகலுக்காகச் சென்ற நாட்களைக் கழித்துக்கொள்ள உதவுபவை அத்தேதிகள். ஆதலால் வக்கீல்கள் அவற்றையே முதலில் பார்ப்பார்கள். போளூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் உள்ள ஜமுனாமரத்தூருக்கும் அப்பால், பஸ் நிற்குமிடத்திலிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஒரு சிற்றூர்வாசிக்கு அந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி. பலகையைப் பார்க்க ஒரு நாள், ஸ்டாம்பு கட்ட ஒரு நாள், நகல் வாங்க ஒரு நாள். எழுத்தர் அன்று விடுப்பாயின் இன்னொரு நாள்.

பழைய ஏடு இப்போது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அக்கேள்விக்கு விடை தருகிறது. காலனி ஆட்சியிலும் சுதந்திர இந்தியாவிலும் அரசுக் காடுகள் வகுக்கப்பட்டபோது நேர்ந்த சரித்திர அநீதியைத் திருத்துவதாக முகவுரையிலேயே அறிவிக்கும் அச்சட்டம், பாத்தியத்தை முதலில் ஆராயும் பொறுப்பைக் கிராம சபைக்கே அளித்தது. அதன் விதிகள் ஏற்கும் ஆதாரங்களில் செட்டில்மெண்டு அறிக்கைகள், கெஜட்டியர்கள், நீதிமன்ற உத்தரவுகள், தீர்ப்புகள் ஆகியவற்றோடு ஊர்ப் பெரியோர் வாய்மொழியாகச் சொல்லி எழுதிக்கொள்ளப்பட்ட வாக்குமூலமும் இடம்பெறுகிறது. ஏடாக ஏறாத நினைவைச் சட்டம் ஆதாரமாக அங்கீகரித்தது, ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த பரிகாரமாகும். தமிழ்நாட்டில் 2008இல் பிறந்த சென்னை உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவினால் உரிமைப் பட்டயம் வழங்குவது தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பின்பே வழி திறந்தது. அந்த எட்டாண்டில் சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் எத்தனை பேர் மறைந்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

வேறு சில மாறுதல்களும் மலைவாசிக்கு அனுகூலமாயின. ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம் கீழ் நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்தது. 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானத்தைக் கேளாமலே பழங்குடியினருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை அளித்தது. வக்கீல் கட்டணத்தோடு கோர்ட்டுக் கட்டணமும், சான்றிட்ட நகல் பெறும் செலவும் அந்த உதவியில் அடங்கும். 2017இல் தமிழக அரசு வழக்கு மதிப்பின்மேல் வாங்கும் கட்டணத்தை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைத்தது. 2007இல் தொடங்கிய மின்-நீதிமன்றத் திட்டத்தினால், ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு குறிகள் கொண்ட தனி எண் ஏற்பட்டு, வாய்தாத் தேதியைக் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. 2023இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கி ஏற்கப்பட்ட அதன் மூன்றாம் கட்டம், பழைய கட்டுகளையும் மின்வடிவில் ஏற்றுவதை நோக்கமாகக் கொண்டது. கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத பள்ளத்தாக்குகள் மலையில் இருக்குமளவும் இவ்வசதி முழுமை பெறாது என்பதையும் கூறியாக வேண்டும்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் மலையாளிப் பழங்குடிப் பெண், 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தது. முதலமைச்சரே வாழ்த்துத் தெரிவித்தார். மலைவாசிகளின் பிராதுகள் இருநூறாண்டாக எந்த ஆசனத்தின் முன்னே நின்றனவோ அந்த ஆசனத்துக்கு மலையின் புதல்வி உரியவரானார். இந்த மகிழ்ச்சியோடு கூடவே செய்துமுடிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பழைய கட்டுகளை மின்வடிவாக்கும் பணி இப்போது நடைபெறுவதால், திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்ட நீதிமன்றங்களும் ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்த வழக்குகளையும் வன செட்டில்மெண்டு அப்பீல்களையும் தனியே பிரித்து, நாட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் கொண்டு தமிழில் ஓர் அட்டவணை தயாரித்து, அதன் பிரதியொன்றை ஜமுனாமரத்தூரிலும் மற்றொன்றைப் புதூர்நாட்டிலும் மூன்றாவதைப் பீஞ்சமந்தையிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நகல் மனுவையும் அங்கேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வார்களாக.